கேட்காமல் எழுதிய பதில்

போன மாதம் செல்வி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த வேலைவாய்ப்புத் துறையில் இப்போது அதிகாரியாக இருப்பவர். என்னை நேரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். ஆனாலும் பேச்சில் ஒரு ஒட்டுதல் உண்டு.

“சார், ரிட்டயர் ஆனவங்ககிட்ட எல்லாம் ஒரு கட்டுரை வாங்கறோம். நீங்க செஞ்சியில ஆரம்பிச்சவரு. அங்க நல்லபடியா முடிச்ச ஒரு கேஸை எழுதிக் குடுங்க சார்.”

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். பழைய பதிவு அட்டைகளை எல்லாம் எடைக்குப் போட்டாகிவிட்டதாம். வேலை தேடுகிறவர்கள் இப்போது தங்கள் விவரங்களைக் கைபேசியில் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்களாம். “நாம ஒரு எழுத்து எழுத வேண்டியதில்ல சார்” என்றார். வேலை குறைந்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதிக்குக் காரணம் வேறு.

எண்பதை நெருங்கும் வயதில் பெரிய குறை ஒன்றும் எனக்கு இல்லை. பார்த்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் அனுப்பிய ஆட்கள் பள்ளிக்கூடங்களிலும் நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு கடைவீதியில் எதிர்ப்பட்டால் நின்று பேசுகிறார்கள். செல்வி கேட்ட மாதிரி நல்லபடியாக முடிந்த பத்துக் கேஸாவது எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு அட்டைதான் கண்முன் வருகிறது. அந்தக் கேஸும் நல்லபடியாகத்தான் முடிந்தது. முடித்து வைத்தது நான் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலையில் சேர்ந்தேன். கடலூரில் மூன்று மாதம் பயிற்சி. கொத்தனாருக்கு ஒரு எண், தச்சருக்கு ஒரு எண், தட்டெழுத்தருக்கு ஒரு எண் என்று தொழில்களின் குறியீட்டுப் புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்ததைத் தவிர அந்த மூன்று மாதத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. பிறகு செஞ்சியில் புதிதாகத் திறந்த சின்னக் கிளைக்கு என்னை எழுத்தராகப் போட்டார்கள். சொந்த ஊர் மேல்சித்தாமூர். சைக்கிளில் போய்வரும் தூரம். ஊரில் எல்லோரும் கொடுத்துவைத்தவன் என்றார்கள்.

கிளை என்றால் திருவண்ணாமலை சாலையில் வாடகைக்குப் பிடித்த ஒரு ஓட்டுவீடு. முன்னறையில் நானும் என் மேசையும். உள்ளறையில் அதிகாரி. வாசலில் பியூன் ஏழுமலை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை தெரியும். பங்குனி, சித்திரையில் அந்தப் பாறை வாங்கிய வெயிலெல்லாம் பிற்பகலில் எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஏழுமலை அதைச் சாத்திவிட்டு, “மலைக்கு இன்னா சார், அதுக்கு ஆபீஸ் டைமா பாக்கத் தெரியும்?” என்பான்.

ஒருவர் பதிவு செய்ய வந்தால் அவர் பெயரில் ஒரு அட்டை போடுவோம். பெயர், ஊர், பிறந்த தேதி, படிப்பு, தெரிந்த தொழில். அட்டை எங்களிடம் இழுப்பறையில் இருக்கும். வந்தவருக்குப் பதிவு எண் எழுதிய ஒரு சின்ன அடையாளச் சீட்டு கொடுப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நேரில் வரலாம், வர முடியாதவர் அஞ்சலட்டையில் எண்ணை எழுதிப் போட்டாலே போதும். புதுப்பிக்காவிட்டால் அட்டையை எடுத்துவிடுவோம். எங்காவது காலியிடம் இருப்பதாகத் தகவல் வந்தால், பொருத்தமான அட்டைகளைப் பதிவு வரிசைப்படி எடுத்து, அவர்களுக்கு நேர்காணல் கடிதம் அனுப்புவோம்.

இதெல்லாம் மக்களுக்குப் புரிய நாளானது. முதல் வருடம் ஆலம்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பதிவு செய்துகொண்டு போனார். மறுநாள் காலை எங்களுக்கு முன்னாலேயே வாசலில் வந்து நின்றார். வெளுத்த சட்டை, நெற்றியில் விபூதி, கையில் தூக்குவாளி.

“நேத்து கார்டு குடுத்தீங்களே சார், எங்க ஒக்கார்றது?”

அதிகாரி அவரை உள்ளே அழைத்து, தன் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கால் மணி நேரம் விளக்கினார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இது வேல இல்ல, வேலைக்கு வரிசை” என்றார். எங்கள் அலுவலகத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தூக்குவாளியில் இருந்ததை அவரும் ஏழுமலையும் வேப்பமரத்தடியில் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

அதிகாரியின் பெயர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேச மாட்டார். தப்பு செய்தால் அந்தக் காகிதத்தை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பானையில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். வந்த எவரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். வேலையைப் பார்க்காமல் ஆளை அனுப்பக் கூடாது என்பார். கோட்டைக்குக் காவலர் வேண்டும் என்று ஒருமுறை கேட்டிருந்தார்கள். அட்டைகளை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

“நயினார், மேல வரைக்கும் ஏறியிருக்கீங்களா?”

“சின்ன வயசுல சார்.”

“நாளைக்கு ஏறிட்டு வாங்க. எங்க நிழல் இருக்கு, எங்க தண்ணி இருக்குன்னு பாத்துட்டு வாங்க. வர்றவங்க கேப்பாங்க.”

ஏறினேன். இரண்டு நாள் கெண்டைக்கால் வலித்தது. ஆனால் அந்த வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் படி எப்படி இருக்கும், குரங்குத் தொல்லை எங்கே என்று என்னால் சொல்ல முடிந்தது. அனுப்பியதில் ஒருவர்கூட நடுவில் நின்றுவிடவில்லை.

அவருக்கு ஒரு சனிக்கிழமை வழக்கம் இருந்தது. இழுப்பறையைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து அட்டைகளை உருவுவார். ஒவ்வொன்றிலும் பெயரை மட்டும் படித்து, “அட்டையில இல்லாத ஒண்ணு சொல்லுங்க” என்பார். அந்த ஆளுக்கு இடது காது கேட்காது, இவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் என்று ஏதாவது சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அடுத்த முறை அவர் வரும்போது பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தவிர இன்னொரு விதி: அட்டையில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியையும் வாயால் கேட்க வேண்டும். பதில் நமக்குத் தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும்.

இந்த இரண்டாவது விதியைத்தான் நான் மீறினேன்.

அன்று தேவசகாயம் சார் கூட்டத்துக்காகக் கடலூர் போயிருந்தார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் தளவானூரிலிருந்து ஒரு பெண்ணும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். பெண்ணின் பெயர் அலமேலு, வயது இருபது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அப்போது அதுவரை படித்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் முருகேசன் இரண்டு ஏக்கர் மானாவாரியில் பயிர் வைத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். ஐந்துக்குக் கிளம்பினால்தான் நான் ஊருக்குப் போய் இருட்டுவதற்குள் சாப்பிட முடியும். “நயினாருக்குச் சூரியன்தான் மேலதிகாரி” என்று தேவசகாயம் சார்கூடக் கேலி செய்வார். அன்று அவசரமாகத்தான் எழுதினேன். ஆனால் அவசரத்தின் மேல் பழியைப் போட மாட்டேன். மற்ற எல்லாக் கேள்விகளையும் ஒழுங்காகவே கேட்டேன். அந்தப் பெண் பதில் சொன்னார். நடுவில் ஒரு கேள்வி: வெளி மாவட்டத்தில் வேலை கிடைத்தால் போகச் சம்மதமா? அங்கே வந்ததும் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தேன். பெரிய மீசை. தோளில் துண்டு. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இந்த ஆள் எங்கே தங்கச்சியை வெளியூருக்கு அனுப்பப் போகிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ‘நோ’ என்று மையால் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

அதற்குப் பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். வெளி மாவட்டக் காலியிடங்கள் சுற்றறிக்கையாக வரும். வந்தால் இழுப்பறை முழுவதையும் ஒவ்வொன்றாகப் படித்துத் தேட வேண்டியிருக்கும். அதைச் சுருக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ‘நோ’ என்றிருக்கும் அட்டைகளின் மேல் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு கோடு. கட்டைவிரலால் அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போனால் கோடு இல்லாதவை மட்டும் கண்ணில் படும். ஒரு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஏழுமலை, “நயினார் சாரு மூளைக்கு மெட்ராஸ்ல இருக்க வேண்டியவரு” என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீலக்கோடு விழுந்த அட்டைகளில் பெயர்கூட என் கண்ணில் பட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அலமேலு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தார். தனியாக வருவார். தளவானூரிலிருந்து வயல்வெளியாக நடந்து விழுப்புரம் சாலையைப் பிடித்து, பஸ் ஏறி, செஞ்சியில் இறங்கி, மறுபடியும் நடந்து வர வேண்டும். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அடையாளச் சீட்டை நீட்டுவார். நான் தேதி போட்டுக் கொடுப்பேன். கொடுத்த பிறகும் உடனே எழுந்திருக்க மாட்டார்.

“எதுனா வந்துச்சா சார்?”

“இன்னும் வரலம்மா. நம்ம மாவட்டத்துல காலியிடம் கம்மி.”

“வேற எதுனா கேக்கணுமா சார்?”

“இல்லம்மா. இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா? ஒரு கார்டு எழுதிப் போட்டா நானே தேதி போட்டுக்குவேன்.”

“பரவால்ல சார், நான் வர்றேன்.”

இந்த உரையாடல் ஏறக்குறைய இதே சொற்களில் எட்டு முறை நடந்திருக்கிறது. அதற்குள் அவரைக் கேட்டு வந்த இரண்டு மூன்று வரன்களைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதாகவும், ஊரில் ‘கலெக்டரம்மா’ என்று கேலி செய்வதாகவும் ஏழுமலை மூலம் தெரிந்தது. மூன்றாம் வருடம் அவர் அம்மா இறந்துபோனார். எட்டாவது முறை வந்தபோது அவரே சொன்னார்:

“சார், வர்ற ஆவணியோட எனக்கு இருபத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல கவர்மெண்டு வேலைக்கு எடுக்க மாட்டாங்க இல்ல?”

“ஆமாம்மா, வயசு வரம்பு இருக்குது. பாப்போம்.”

“பாருங்க சார்.” சொல்லிவிட்டு வழக்கம்போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார். ஆவணிக்கு ஏழு மாதம் இருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை தேவசகாயம் சார் கண்ணை மூடி உருவிய பத்து அட்டைகளில் அலமேலுவின் அட்டையும் வந்தது. நாலு வருடத்தில் அதுதான் முதல் முறை.

“அலமேலு, தளவானூர். அட்டையில இல்லாத ஒண்ணு?”

எனக்கு உற்சாகம். “இவங்க ஒரு தடவைகூடக் கார்டு போட்டதில்ல சார். புதுப்பிக்க எப்பவும் நேர்லதான் வருவாங்க.”

“அவ்வளவு தூரத்துலேர்ந்தா? எதுக்கு?”

“தெரியல சார்.”

“கேட்டீங்களா?”

“இல்ல சார்.”

அவர் அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். ஒருவரை எந்தெந்த வேலைக்கு அனுப்பினோம் என்று குறிக்க வேண்டிய பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுபடியும் முன்பக்கம். மூலையில் இருந்த நீலக்கோட்டை விரலால் தடவினார்.

“நாலு வருஷமா அலைஞ்சு வேலை கேக்கற பொண்ணு, வெளியூருக்குப் போக மாட்டேன்னு சொல்லிச்சா?”

அட்டையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அந்தப் பானை என் மேசையிலிருந்து எட்டடி தூரம் இருக்கும். அவர் குவளையில் மொண்டது, குடித்தது, கவிழ்த்து வைத்தது எல்லாம் கேட்டது. திரும்பி வந்தார்.

“நான் கேக்கல சார். அண்ணனைப் பார்த்துட்டு நானே எழுதினேன்.”

“சரி” என்றார். அவ்வளவுதான். மதியம் நான் பிளேடு எடுத்து அந்த இரண்டு எழுத்தைச் சுரண்டப் போனேன். மையைச் சுரண்டித் திருத்துவது அந்தக் கால அலுவலகங்களில் எல்லோரும் செய்வது. உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“நயினார், சுரண்டாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். திங்கக்கிழமை தளவானூர் போங்க. கேக்காத கேள்வியைக் கேளுங்க. அவங்க சொல்றதைப் பக்கத்துல எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம்... இதுவரைக்கும் எத்தனை போச்சுன்னு பாத்து, அதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

சுற்றறிக்கைக் கோப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்களைக் கேட்டு வெளி மாவட்டங்களிலிருந்து மூன்று காலியிடங்கள் வந்திருந்தன. சென்னையில் தொலைபேசி இணைப்பு வேலை ஒன்று. வேலூரில் ஒன்று. சேலத்தில் ஒன்று. மூன்றுக்கும் அலமேலுவுக்குப் பின்னால் பதிவு செய்தவர்களை நான் அனுப்பியிருந்தேன். சென்னை வேலைக்குப் போன பெண் மண்டகப்பட்டுக்காரர். இரண்டு மாதம் பிந்திப் பதிவு செய்தவர். மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். அறுவடை முடிந்து, களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தோளில் பையும் கையில் குடையுமாக நான் வருவதைப் பார்த்து ஒரு கிழவி முதலில் சத்தம் போட்டார்.

“ஏண்டி அலமேலு, நீ ஆபீசுக்குப் போயிப் போயி, இப்ப ஆபீசே ஒன்னத் தேடிக்கினு வந்துட்டுதுடி!”

எல்லோரும் சிரித்தார்கள். அலமேலு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“இன்னா சார் இவ்ளோ தூரம்? நான் வர்றதுக்கு இன்னும் நாள் இருக்குதே.”

“புதுப்பிக்க வரலம்மா. அட்டையில ஒரு கேள்வி கேக்காம விட்டுப்போச்சு. கேட்டு எழுதணும்.”

அவர் முகம் மாறியது. களத்தின் மறுபக்கம் முருகேசன் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசியோடு அவரும் பக்கத்தில் வந்து நின்றார். நான் அட்டையை எடுத்து, தேவசகாயம் சார் சொல்லியிருந்தபடி சத்தமாகவே படித்தேன்.

“வெளி மாவட்டத்துல வேலை கிடைச்சா போகச் சம்மதமா?”

அலமேலு அண்ணனைப் பார்த்தார். முருகேசனும் அவரைப் பார்த்தார்.

“சாரு கேக்கறாரு இல்ல, சொல்லேன்.”

“நானா சொல்றது?”

“பின்ன நானா வேலைக்குப் போவப் போறேன்? எங்க வேணா போயேன். நான் இன்னா ஒன்னக் கட்டியா வச்சிக்கினு இருக்கேன்?”

“அப்ப நீ சொல்லலியா?”

“எத?”

“மொத நாளு. ஆபீசுல. என்ன வெளியூருக்கு அனுப்ப வேணாம்னு.”

“நான் எங்க சொன்னேன்? அந்த ஆபீசுல நொழஞ்சதுமே எனக்குத் தொண்ட அடச்சிக்கிச்சு. சாரு கேட்டாரு, நீ சொன்ன. நான் செவுத்தப் பாத்துக்கினு நின்னேன்.”

அலமேலு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கணக்குப் போடுகிற பார்வை.

“நீங்க ‘நோ’ன்னு எழுதுனத நான் எதுர்ல ஒக்காந்து தலகீழாப் படிச்சேன் சார். நீங்க என்னக் கேக்கல. அண்ணன் முன்னாடியே வந்து சொல்லி வச்சிட்டுப் போயிருக்குதுன்னு நெனச்சேன். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் தனியா வந்தேன். அண்ணன் இல்லாதப்ப நீங்க கேப்பீங்க, நான் போறேன்னு சொல்லிடலாம்னு.”

முருகேசன் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “அதான் நாலு வருசமா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலியா நீ? அம்மா சாவுலகூட?”

“ஆமா.”

“அட போம்மா” என்றார். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்தார். “என் மீசையப் பாத்துப் பயந்துட்டீங்களா சார்? இது சும்மா, அய்யனாரப்பனுக்கு வேண்டிக்கினு வுட்டது.”

களத்துப் பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். அலமேலுவும் சிரித்தார். என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

“போறேன்னு எழுதுங்க சார்” என்றார் அலமேலு. எழுதினேன். நான் மை உலரக் காத்திருந்தபோது அவர் தணிந்த குரலில் கேட்டார்:

“சார், இதுக்கு முன்னாடி வெளியூர்லேர்ந்து ஒண்ணும் வரலதான?”

துண்டுச் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. குனிந்தால் அதன் விளிம்பு தெரியும். முருகேசன் நிமிர்ந்து பார்த்தார். கிழவி மல்லாட்டை ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“வரலம்மா” என்றேன்.

“சரி சார்.”

அலுவலகம் திரும்பியதும் தேவசகாயம் சார் அட்டையை வாங்கிப் பார்த்தார். ‘நோ’ அப்படியே இருக்க, பக்கத்தில் நான் எழுதிய ‘எஸ்’. கையெழுத்துப் போட்டார்.

“போனதையும் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் சார்.”

ஒரே நாளில் இரண்டு பொய். முதலாவதைப் பயத்தில் சொன்னேன். இரண்டாவதை, முதலாவதைக் காப்பாற்றச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “அடுத்து மத்த நீலக்கோடுகளைப் பார்ப்போம்” என்றார். நீலக்கோடு விழுந்திருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பதிலட்டையோடு கடிதம் போட்டோம். பதில்கள் வரவர நான் ரப்பரை வைத்துக்கொண்டு கோடுகளை அழித்தேன். பாதிக்கு மேல் அழிக்க வேண்டியிருந்தது. அத்தனை பேருடைய பதிலையும் நானே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

பங்குனியில் நீலகிரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மலையில் ஒரு அரசு மருத்துவமனைக்கு எழுத்தர் வேண்டும். வரிசையில் முதல் அட்டை அலமேலுவுடையது. நேர்காணல் கடிதத்தை நானே தபாலில் சேர்த்தேன். ஆனியில் நியமன உத்தரவு வந்துவிட்டது. வயது வரம்புக்கு இரண்டு மாதம் மிச்சம். ஊருக்குப் போகும் அன்று அண்ணனும் தங்கையும் அலுவலகத்துக்கு வந்தார்கள். முருகேசன் தலையில் ஒரு தகரப்பெட்டி. தேவசகாயம் சார் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். முருகேசன் உட்கார மறுத்து, பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

“அங்க குளுருமாமே சார்? இது ஒரு கம்பளிகூட எடுத்துக்கல, சொன்னா கேக்க மாட்டேங்குது.”

“நீ இன்னா, ஊட்டிக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி” என்றார் அலமேலு. விடாமல் இருவரும் பேசிக்கொண்டே பஸ் நிலையத்துக்குப் போனார்கள். நாலு வருடப் பாக்கியைப் பேசித் தீர்ப்பது போல இருந்தது. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். செய்த தப்பு உள்ளே இருக்கும்போதே மனிதனால் சந்தோஷமாக இருக்க முடிகிறது.

பிறகு பல ஊர்களில், பல நாற்காலிகளில் உட்கார்ந்தேன். அதிகாரியும் ஆனேன். சனிக்கிழமைகளில் கண்ணை மூடிப் பத்து அட்டைகளை உருவினேன். கேள்விகளை வாயால் கேட்கச் சொல்லி இளையவர்களை வதைத்தேன். நயினார் சார் கறார் என்று பெயர் வந்தது. ஏன் கறார் என்று யாருக்கும் சொல்லவில்லை. தேவசகாயம் சார் இறந்த செய்தி வந்தபோது, அவரிடம் சொன்ன அந்த இரண்டாவது பொய்யைத் திருத்தும் வாய்ப்பு போய்விட்டது என்பதுதான் முதலில் தோன்றியது. முதல் பொய்க்கு மட்டும் இன்னும் வாய்ப்பிருந்தது.

அதற்கும் வருடக்கணக்கில் தயங்கினேன். முருகேசனின் மகன் செஞ்சிக் கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறார். போன வருடம் ஒரு நாள் உள்ளே போய், அத்தையின் முகவரியைக் கேட்டு வாங்கினேன். அலமேலு கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, கோத்தகிரியிலேயே மகளோடு இருக்கிறார் என்றார். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே எழுதி முடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. அன்று களத்தில் நீங்கள் கேட்டபோது வரவில்லை என்றேன்; மூன்று வந்திருந்தன. சென்னை, வேலூர், சேலம். மூன்றும் என்னால் உங்களுக்குப் போகவில்லை. அதைவிட, செய்ததை ஒப்புக்கொள்ளாமல் உங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டு வந்தேன். மன்னிக்கக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. இப்படி எழுதியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. தேதி போடும் மூலையில் தன் பழைய பதிவு எண்ணை எழுதியிருந்தார். நான் அதை மறந்துபோயிருந்தேன்.

‘மதிப்பிற்குரிய சார், கடிதம் கிடைத்தது. மண்டகப்பட்டு சரோஜாவுக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது அப்போதே எனக்குத் தெரியும். அவள் எனக்குப் பின்னால் பதிந்தவள். அதனால் அன்றைக்குக் களத்தில் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றும் தெரியும். அண்ணன் கையில் கோணி ஊசி இருந்ததே, அதனால்தான் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடமாக நான் ஐந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.’